நெத்திலியின் காது

நெத்திலிக்கு ஒருவர்மேல் மையல் வந்துவிட்டது என்ற செய்தியை முதலில் கொண்டுவந்தவன் புகாரி. அந்த ஒருவரோ கல்யாணமானவர். அதை அவருடைய மனைவியிடமே வந்து சொன்னான், பயல்.

"அக்கா, கோவிச்சுக்கக் கூடாது. நம்ம நெத்திலி உங்க வீட்டுக்காரர் பின்னாலயே சுத்துது."

ரெக்சலின் கையுறை மாட்டிக்கொண்டு ஊளியின் வயிற்றுக்குள் திருப்புளியை விட்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுத்தட்டும். வீட்டு வாசல்ல வந்து நிக்காம இருந்தாச் சரி" என்றாள்.

நெத்திலி, ஊளி என்றதும் சட்டி அடுப்பில் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் செயற்கைக்கோள்கள். ஊளி இன்னும் பிறக்கவில்லை, மேசையில் கிடக்கிறது. நெத்திலி மேலே போய் ஏழு மாதம் ஆகிறது. இரண்டடுக்கு டிபன் கேரியர் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் ஒவ்வொன்றும். தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிடங்கைக் கழுவித் துடைத்து, தூசி நுழையாத அறை கட்டி, அதில் இவற்றைச் செய்துகொண்டிருந்தாள் மங்கையர்க்கரசி. இரும்பையே தின்றுவிடும் உப்புக்காற்றில் செயற்கைக்கோள் பட்டறை வைக்கிறாளே என்று ஊரே சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயர் வைக்கும் வேலையை ரெக்சலினிடம் விட்டுவிட்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: எல்லாம் சின்ன மீனாக இருக்க வேண்டும். சுறா, திருக்கை என்று வைத்தால் அதுகளுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்பது அவள் கட்சி. அப்படித்தான் நெத்திலியும் சாளையும் காரலும் வானத்துக்குப் போயின.

அவற்றின் வேலை கேட்பது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு வள்ளத்திலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி உண்டு. கரையில் அதைக் கூவுபெட்டி என்பார்கள். ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தான். பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க வெள்ளைப் பொத்தான். எதை அமுக்கினாலும் வள்ளத்தின் எண்ணையும் இருக்கும் இடத்தையும் மேலே அனுப்பும். பெட்டி மலிவானது, அதனால் அதன் குரலும் மெலிந்தது. அதைக் கேட்க நெத்திலிக்கு இருந்த காது, கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, இரும்பு அளவு டேப், அதில் வெட்டிய நான்கு துண்டு. காது ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் நன்றாகக் கேட்கும். நம் கடலைத் தாண்ட அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, பேட்டரியும் சின்னது. ஆகவே முதலில் எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே கொஞ்சம் நிற்பது என்பதை அதுவேதான் முடிவு செய்யும். பச்சைப்பிள்ளை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். கீழே ஒரு ஆள் உட்கார்ந்து, அது செய்வதற்கெல்லாம் 'சரி', 'தப்பு', 'சும்மா' என்று மூன்றில் ஒன்றை அமுக்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த ஆள் ரெக்சலின்.

வெள்ளைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அமுக்கினால் போதும் என்பது சட்டம். சட்டத்தை முதலில் கெடுத்தது அவள் கணவன் பெனிட்டோ. காலையில் வள்ளம் போகும்போது, கோயில் உச்சிச் சிலுவை கண்ணைவிட்டு மறையும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் பெனிட்டோ வெள்ளைப் பொத்தானை ஒருமுறை அமுக்குவான். அதற்கு 'வாரேன்' என்று அர்த்தம். கரை சேர்ந்ததும் இரண்டுமுறை. 'வந்துட்டேன்.' கடற்கரையில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக் கடலில் இறங்க மாட்டார்கள் அல்லவா, அதை இப்படிப் பெட்டியில் ஏற்றிவிட்டான். ஒரு மாதத்தில் கரை முழுக்க இந்தப் பழக்கம் பரவியது. எந்நேரமும் டிக் டிக்கென்று வருகிறதே என்று மங்கையர்க்கரசி முதலில் சத்தம் போட்டாள். அப்புறம் அவளுக்கே அது பிடித்துப்போய் விட்டுவிட்டாள்.

மற்றவர்களின் வாரேனுக்கெல்லாம் ரெக்சலின் 'சும்மா' என்று போடுவாள். அது ஆபத்து இல்லை, நின்று கேட்க வேண்டாம் என்று நெத்திலிக்குப் பாடம். பெனிட்டோவின் டிக் வரும்போது மட்டும் அவள் விரல் 'சரி'க்குப் போனது. திட்டம் போட்டுச் செய்ததில்லை. காலையில் முதல் காப்பியோடு அந்தச் சத்தம் வரும், அவளுக்குச் சிரிப்பு வரும், விரல் அமுக்கிவிடும். சாயங்காலம் மற்ற வள்ளமெல்லாம் வந்து, அவன் மட்டும் தாமதித்தால், சும்மா இருக்கும் நெத்திலியின் காதைக் கீழேயிருந்து கட்டளை எழுதித் தன் கையாலேயே திருப்பி, காலையில் அவன் வாரேன் சொன்ன இடத்தைப் பார்க்க வைப்பாள். ஏழு மாதமாக இதுதான் நடந்தது.

"நீங்க தினம் முதுகுல தட்டிக்குடுத்திருக்கீங்க அக்கா" என்றான் புகாரி. நெத்திலியின் மூளையை எழுதியவன் அவன்தான். காயல்பட்டினத்துக்காரன், சிரிக்காமல் கேலி பண்ணுவதில் மன்னன். "இந்த எண்ணைக் கேக்கத்தான் தன்னைப் பெத்துப் போட்டிருக்குன்னு அது முடிவு பண்ணிட்டு. நம்ம கடலுக்கு வந்ததும் முதல் வேலையா அவர் வள்ளத்தைத்தான் பாக்குது. கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும்."

மங்கையர்க்கரசியும் எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குச் சக்களத்தி வந்தாச்சு ரெக்சலின்" என்று சொல்லிச் சிரித்தாள். ரெக்சலினும் சிரித்தாள். சிரிப்பு முதலில் நின்றது மங்கையர்க்கரசிக்குத்தான்.

"புகாரி, சங்குமுனை வள்ளம் கவுந்த அன்னைக்கு நெத்திலி என்ன பண்ணிச்சுன்னு எடு."

அவன் எடுத்தான். அன்று காலை நெத்திலி இரண்டாம் முறை வந்தபோது தெற்கே சங்குமுனைக் கடலில் கலிஸ்டஸ் என்பவரின் பெட்டி சிவப்பில் கூவிக்கொண்டிருந்தது. வள்ளம் புரண்டு, அவர் கை வலைக்கயிற்றில் மாட்டி இறுகியிருந்தது. நெத்திலியின் காது வடக்கே, அமைதியான கடலில் நிம்மதியாக வலை இழுத்துக்கொண்டிருந்த பெனிட்டோவின் பக்கம் இருந்தது. வெகுநேரம் கழித்துச் சாளை வந்துதான் கூப்பாட்டைக் கேட்டது. ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையைக் காப்பாற்ற முடியவில்லை.

ரெக்சலின் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"மூளையை அழிச்சிட்டுத் திரும்ப ஏத்திரலாமா மேடம்?" என்று கேட்டாள்.

"அழிச்சா ஏழு மாசப் படிப்பும் போயிரும். அலைச் சத்தத்துக்குள்ள ஒரு கூப்பாட்டைப் பிரிச்சுக் கேக்க அதுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. புதுசா படிச்சு முடிக்கிற வரைக்கும் மத்த வள்ளமெல்லாம் என்ன செய்யும்?" மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். "மறக்கடிக்கணும். உன் வீட்டுக்காரர் தினம் கூப்பிடணும், ஒவ்வொரு தடவையும் 'தப்பு'ன்னு போடணும். ஆனா ஒண்ணு ரெக்சலின், மறைக்காம சொல்லுறேன். எவ்வளவு மறக்கும்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு அவர் சிவப்பை அமுக்கினாலும் திரும்பாமப் போயிரலாம். புகாரிய போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் மேடம்" என்றாள் ரெக்சலின். "கத்துக்குடுத்தது நான்தானே."

அன்று வீட்டில் பெனிட்டோ மீன் அரிந்துகொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அந்த நேரம் நான் பாட்டுப் படிச்சிட்டிருந்திருப்பேன்" என்றான். பிறகு, "தப்புன்னு போடு புள்ள. நான் கூப்பிடுதேன்."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"சாளை இருக்கு, காரல் இருக்கு. அதுகளுக்கு நான் யாருன்னே தெரியாது. மத்தவன அதுகளை நம்பித்தானே கடலுக்கு அனுப்புதோம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் சங்குமுனைக்குப் போனார்கள். கலிஸ்டஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நாற்பது வயது இருக்கும், சட்டையின் வலது கை மடித்துக் குத்தப்பட்டிருந்தது. அவர் மனைவி புஷ்பம் கதவில் சாய்ந்து நின்றாள். ரெக்சலின் நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, அழவும் இல்லை.

புஷ்பம் பெனிட்டோவைப் பார்த்துக் கேட்டாள். "அந்த நேரம் நீங்க வலை இழுத்துட்டு இருந்தியளோ?"

"ஆமா."

"மீன் பட்டுச்சா?"

பெனிட்டோ தலையைக் குனிந்துகொண்டான். "பட்டுச்சு."

கலிஸ்டஸ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நானும்தான் அன்னைக்குச் சிலுவை மறையுறப்ப வெள்ளைய அமுக்கினேன். வாரேன்னு சொன்னேன். அது யாருக்காவது கேட்டுச்சா?"

"எனக்குக் கேட்டுச்சு அண்ணே" என்றாள் ரெக்சலின். "சும்மான்னு போட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்குள் மாதா படத்துக்குக் கீழே பலகையில் அந்தக் கூவுபெட்டி இருந்தது. கடலிலிருந்து சாமான்களைக் கொண்டுவந்தவர்கள் அதையும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், வைத்தது வைத்தபடி கிடந்தது. "பிள்ளைங்க வர்ற நேரம்" என்று புஷ்பம் சொன்னாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த வாசலிலிருந்து திரும்பினார்கள். புஷ்பத்தைத் தப்பு சொல்ல முடியுமா?

மறுநாள் காலை டிக் வந்தது. வாரேன். ரெக்சலின் 'தப்பு' என்று அமுக்கினாள். விரலுக்கு எடை உண்டு என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது, அமுக்கினாள். காப்பி ஆறிப்போனது. சாயங்காலம் காதைக் கையால் திருப்பும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டாள். பெனிட்டோ தாமதமாக வந்த நாட்களில் வாசலில் போய் நிற்பாளே தவிர, நெத்திலியைத் தொடமாட்டாள்.

அவனோ இதையும் விளையாட்டாக்கிவிட்டான். வீட்டுக்குள் நுழையும்போதே, "டீச்சர், இன்னைக்கு என்ன மார்க்கு?" என்பான்.

"தப்பு."

"சரி, நாளைக்கு நல்லாப் படிச்சுட்டு வாரேன்."

அவளுக்குச் சிரிப்பு வரும். 'இந்த மனுஷன் முக்கியமில்லை' என்று தன் கையாலேயே ஆகாயத்துக்குத் தினமும் சொல்வது என்ன பிழைப்பு என்று சில நாள் தோன்றும். உடனே கலிஸ்டஸின் மடித்துக் குத்திய சட்டைக் கை ஞாபகம் வரும். வாயை மூடிக்கொண்டு அமுக்குவாள்.

மழை தொடங்கும் சமயத்தில் புகாரி வந்து நின்றான். இந்தத் தடவை கேலி இல்லை. "மறந்துட்டு அக்கா. எல்லா வள்ளமும் அதுக்கு இப்ப ஒண்ணுதான். உங்க வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். முகம் கழுவி வெளியே வந்தபோது புகாரி இன்னும் அங்கேயே நின்றிருந்தான்.

"ஒரே ஒரு கிறுக்குத்தனம் மட்டும் புதுசா முளைச்சிருக்கு. சாயங்காலம் போறப்ப, கடைசில, தெக்க ஒரு இடத்தப் பாத்துத் திரும்புது. சும்மா கடல், ஒரு வள்ளமும் இல்ல. கொஞ்சநேரம் நின்னுட்டுப் போயிருது. தினமும் அதே இடம்."

"என் கை பட்டதுல இன்னும் என்னென்ன இருக்கோ" என்றாள் ரெக்சலின். ஊளியைக் குலுக்கு மேசையில் ஏற்ற வேண்டிய வாரம் அது. ராக்கெட்டின் ஆட்டத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அடுத்த வாரம் இதைக் கவனிப்போம் என்று மங்கையர்க்கரசி சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது.

மழைக்காலம் போய், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அந்த வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் அடித்தது. காலையில் கண்ணாடி மாதிரி இருந்த கடல், மதியத்துக்குமேல் புரண்டது. வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு ஓடிவந்தன. டிக்-டிக், டிக்-டிக் என்று வந்துட்டேன்கள் வந்தபடி இருந்தன. பெனிட்டோவுடையது வரவில்லை.

காரல் ஒருமுறை தாண்டிப் போயிற்று. அவன் பெட்டியிலிருந்து சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. சாளையும் போயிற்று. ரெக்சலின் மீட்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். "இடம் தெரிஞ்சாச் சொல்லுங்கம்மா, உடனே போறோம். இத்தனை பெரிய கடல்ல எங்க போய்த் தேட?" என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். இன்னும் பல வள்ளங்கள் கடலில் இருந்தன, அவர்கள் படகுகளும் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

பொழுது சாயும் நேரம். அடுத்து வர வேண்டியது நெத்திலி.

புகாரி மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா, அது வர்றதுக்குள்ள கையால திருப்பிருங்க. காலைல அவர் வாரேன் சொன்ன இடத்துக்கு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

கையால் திருப்பினால் கடலைத் தாண்டி முடிக்கும்வரை காது அங்கேயே நிற்கும். அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ரெக்சலின் மங்கையர்க்கரசியைப் பார்த்தாள்.

"நீ சொல்லு" என்றாள் மங்கையர்க்கரசி. "நீ எது சொன்னாலும் பொறுப்பு என்னோடது."

ரெக்சலின் விசைப்பலகைமேல் கையை வைத்தாள். பெனிட்டோ வீட்டுக்குள் நுழையும் சத்தம், அவன் சட்டையின் மீன் வாடை, டீச்சர் என்று கூப்பிடுவது எல்லாம் ஒன்றாக வந்து மோதின. எழுதுவதற்கு ஒரே ஒரு வரி. எழுதிவிட்டால் மனசு ஆறும். அவன் ஒருவேளை கிடைப்பான். ஆனால் தெற்கே யாரோ ஒருவர் சிவப்பை அமுக்கிவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்கும் ஒரு புஷ்பம் இருப்பாள்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம். அதுவே பாக்கட்டும்" என்றாள்.

நெத்திலி வந்தது. முதலில் கிழக்கே திரும்பி ஒரு சிவப்பைப் பிடித்தது. ஐந்து பேர் இருந்த வள்ளம். அடுத்து சங்குமுனைப் பக்கம் இன்னொரு சிவப்பு. மங்கையர்க்கரசி இரண்டையும் மீட்பு நிலையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு நெத்திலி கடலை ஒரு சுற்றுப் பார்த்தது, வேறு கூப்பாடு இல்லை. நேரம் முடியப்போகிறது, பேட்டரியும் இறங்கிவிட்டது. இனி அது காதை மடக்கிக்கொண்டு போய்விடும்.

மடக்கவில்லை. திரும்பியது. யாரும் கூப்பிடாமல், யாரும் சொல்லாமல், காலையில் பெனிட்டோ வாரேன் சொன்ன கடலைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"நான் ஒண்ணும் பண்ணல" என்றான் புகாரி. கையைத் தூக்கிக் காட்டினான்.

திரையில் இரைச்சல்தான் ஓடியது. ரெக்சலின் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். இரைச்சலுக்கு அடியில் ஒரு நூல் மாதிரி ஏதோ தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. சிவப்பு. தண்ணீர் புகுந்த பெட்டி, பாதி செத்த குரல். அந்தப் பக்கமே காதை வைத்து நின்றாலொழிய யாருக்கும் கேட்காது. மதியத்திலிருந்து கூவிக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணைப் படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை, இடத்தை மட்டும் படித்து மங்கையர்க்கரசியிடம் கத்தினாள்.

நெத்திலி அத்தோடும் போகவில்லை. போகிற போக்கில், கடைசிச் சொட்டு மின்சாரத்தில், தெற்கே அந்த வெறும் கடலைப் பார்த்து ஒருமுறை திரும்பி நின்றது. பிறகுதான் காதை மடக்கியது.

"புகாரி" என்றாள் ரெக்சலின். "அது எந்த இடம்?"

"எது, அந்தக் கிறுக்கா? இப்ப எதுக்கு அக்கா?"

"அந்த இடத்துல என்னைக்காச்சும் யாராவது வெள்ளைய அமுக்கியிருக்காங்களான்னு பாரு."

அவன் தேடினான். பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவன் கண் கலங்கியிருந்தது. "சங்குமுனை வள்ளம் அக்கா. கலிஸ்டஸ் அண்ணன். அன்னைக்குக் காலைல வாரேன் சொன்ன இடம். அவர் வந்துட்டேன்னு இன்னும் சொல்லல."

அவனே விளக்கவும் செய்தான், தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறவன் மாதிரி. "சாயங்காலம் வராதவங்களுக்கு நீங்க காதைத் திருப்பி வச்சுக் காத்திருந்தீங்கள்ல, அதையும் பாத்துப் படிச்சிருக்கு. அதுக்கு யாரும் தப்புன்னு போடல. நீங்க தப்புன்னு போட்டதெல்லாம் உங்க வீட்டுக்காரரோட எண்ணுக்கு. அது எண்ணை விட்டுட்டு, காத்திருக்குறத மட்டும் வச்சுக்கிச்சு. இப்ப எல்லாருக்கும் காத்திருக்கு."

இருட்டுவதற்குள் பெனிட்டோவையும் அவனோடு போன இரண்டு பேரையும் கொண்டுவந்துவிட்டார்கள். கவிழ்ந்த வள்ளத்தின் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். போர்வைக்குள் வெடவெடத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தவன், அவளைப் பார்த்ததும் நீலம் பாரித்த உதட்டால் கேட்டான். "டீச்சர், இன்னைக்கு என்ன மார்க்கு?"

"வாயை மூடுங்க" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கு முன்னால் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே மங்கையர்க்கரசி ஊளியின் மூளையைத் திறந்து வைத்துக்கொண்டு புகாரியோடு உட்கார்ந்துவிட்டாள். நெத்திலி தானாகப் படித்ததை ஊளி பிறக்கும்போதே கொண்டு பிறக்க வேண்டும் என்று பிடிவாதம். ரெக்சலின் ஒரு நாள் லீவு கேட்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

சங்குமுனையில் கலிஸ்டஸ் அதே நாற்காலியில் இருந்தார். இந்தத் தடவை அவள் தனியாகத்தான் வந்திருந்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நெத்திலி இன்னும் உங்களத் தேடிட்டிருக்கு."

அவருக்கு விளங்கவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தினம் சாயங்காலம், வேலையெல்லாம் முடிந்தபிறகு, அவர் வாரேன் சொன்ன இடத்தில் ஒருமுறை நின்று காது கொடுத்துவிட்டுப் போவதைச் சொன்னாள். கலிஸ்டஸ் ஆகாயத்தைப் பார்த்தார். பட்டப்பகல், ஒன்றும் தெரியாது.

"இத்தனை மாசமாவா?"

"ஆமா அண்ணே."

"நான் கரையிலதான இருக்கேன்."

"அதுக்கு யாரும் சொல்லலையே."

புஷ்பம் உள்ளே போனாள். மாதா படத்துக்குக் கீழேயிருந்து பெட்டியை எடுத்து, சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, மின்சாரத்தில் மாட்டினாள். சாயங்காலம் மூவரும் கடற்கரைக்கு நடந்தார்கள். ரெக்சலின் போனைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் புகாரி, "வந்துட்டு அக்கா, தலைக்கு மேலதான்" என்றான்.

புஷ்பம் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். கலிஸ்டஸ் இடது கைக் கட்டைவிரலை வெள்ளைப் பொத்தான்மேல் வைத்தார். உடனே அமுக்கவில்லை. கடலைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். பிறகு அமுக்கினார். ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று.

"அக்கா" என்றான் புகாரி. "தெக்க திரும்பல. காதை மடக்கிட்டுப் போயிட்டு."

ரெக்சலின் போனை இறக்கினாள். அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. வள்ளம் கவிழ்ந்த அன்று காலையில் புறப்பட்டவர் அப்போதுதான் கரை சேர்ந்தார் போலிருந்தது. அழுதார். புஷ்பம் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

பிறகு ரெக்சலின் பக்கம் திரும்பி, "இருட்டப் போவுது. சோறு ஆக்கியிருக்கேன், வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றாள்.